வெயில் இருக்கும்போதே வரும் வண்டி

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு கிடையாது. இல்லாமையால் அல்ல, சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் உண்டு முடித்து, பாத்திரங்களைக் கவிழ்த்து, அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் வருகிறவர் கலெக்டரே ஆனாலும் பட்டினிதான். நானும் அதே வளர்ப்பில் வந்தவள் என்பதால் எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. செஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பொழுது சொல்லும் கடிகாரம் ராஜகிரி மலை. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் என் மாமியார் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்து அடுப்பில் தண்ணீர் தெளிப்பார். கூடத்தில் சுவர்க் கடிகாரம் ஒன்றும் இருந்தது. அதை யாரும் மதிப்பதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் எனக்குக் கல்யாணம். கல்யாணமான கையோடு என் கணவரைத் திண்டிவனம் ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு செஞ்சி வந்து சேர்வதற்குள் தெருவிளக்கு எரிந்துவிடும். கூடவே இன்னொரு வேளைக்குத் தயிர்சாதம் கட்டிக்கொடுத்துப் பார்த்தோம், சாயங்காலத்துக்குள் அது புளித்துப் பொங்கியது. ஓட்டலுக்குப் போகலாம் என்றால், வெங்காயமும் பூண்டும் இல்லாமல் சமைக்கிற ஓட்டலை எங்கே தேடுவது? ஆக, கல்யாண மாலை காய்வதற்குள் மனிதர் தினமும் வெறும் வயிற்றோடு படுத்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வர ஆரம்பித்தது.

மாமியார் ஒரு முடிவுக்கு வந்தார். திண்டிவனத்தில் அவருடைய ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் இருந்தார். அவர் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. மகன் அங்கேயே தங்கி வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் செஞ்சிக்கு வந்தால் போதும். நான் செஞ்சியில் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர், அதனால் நான் இங்கேயே இருக்கலாம். இதைச் சொன்னபோது மாமியார் முகத்தில் துளி வஞ்சகம் இல்லை. பிள்ளை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. எனக்குத்தான் ஒப்பவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் புருஷன் முகம் பார்க்கவா என்னைக் கட்டிக்கொடுத்தார்கள்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரோடு உட்கார்ந்து தினமும் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மாசி மாதத்தில் எனக்கு வேறு ஆசையே இல்லை.

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிப் பார்க்கலாமே என்று சொல்லி என் வயிற்றில் பால் வார்த்தவர் மாமனார். புது வண்டிக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் எனக்குப் பேரன் பிறந்துவிடுவான் என்பதால் பழைய வண்டி. அவர் மல்லாட்டை வியாபாரி, நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மார்க்கெட் கமிட்டியில் மூட்டைகளுக்கு நடுவில் வாழ்நாளைக் கழித்தவர். மூட்டையின் வாயில் இருக்கிற பயிரை, அதாவது பருப்பை மட்டும் பார்த்து விலை சொல்கிறவன் முட்டாள், மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, அடியில் ஒரு பிடி எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வேதம். பெண் பார்க்க வந்தபோதும் என்னிடம் மூன்று கேள்விதான் கேட்டார். நான் மேலா, நடுவா, அடியா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

செஞ்சியில் அப்போது இரண்டு வண்டிகள் விலைக்கு இருந்தன. ஒன்று, ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர் ஒருவருடையது. கறுப்பு நிறம், எருமைக்கடா மாதிரி கனம். உதைத்துக் கிளப்ப ஒரு தனி வித்தை தெரிய வேண்டும். கிளம்பிவிட்டால் தெருக்கோடி வரை பாத்திரங்கள் அதிரும். அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டதற்கு, சொட்டுகிற வரைக்கும் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம், சொட்டுவது நின்றால்தான் பயப்பட வேண்டும் என்றார் டாக்டர். மாமனாருக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்துப்போயிற்று.

இன்னொன்று சிவப்பு. இரட்டை சிலிண்டர், பின்னால் இரண்டு பக்கமும் நீண்ட இரண்டு சைலன்சர். என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஜவுளிக்கடை பாய் வீட்டுப் பிள்ளையின் வண்டி அது. அவர் துபாய்க்குப் போகப்போகிறார், அதனால் விற்கிறார். வண்டியைக் காட்ட வந்தவர், துபாயில் டர்போ வைத்த கார்கள் உண்டு என்றும், காற்றைப் பிடித்து இஞ்சினுக்குள் திணித்தால் அது பேய் மாதிரி பறக்கும் என்றும், செஞ்சியில் அதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது தன்னுடைய வண்டிதான் என்றும் அளந்துகொண்டிருந்தார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமியாருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி, வெயில் இருக்கும்போதே வூட்டுக்கு வந்துடுமா?"

வண்டியைப் பற்றி அதுவரை யாரும் பாய் வீட்டுப் பிள்ளையிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். எனவே எது நம்பகம் என்பதுதான் வீட்டில் பேச்சு. காலையில் காபியோடு ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்கள் வரை வந்துவிட்டது. திண்டிவனம் ரோட்டு மெக்கானிக்கிடம் இரண்டு வண்டியையும் காட்டினார்கள். அவர் சிவப்பு வண்டியைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். உடனே மாமனார் முகம் சுருங்கிவிட்டது. வாரம் தவறாமல் எந்த வண்டி தன்னிடம் வருமோ அதைத்தான் மெக்கானிக் புகழ்வான், அவன் குறை சொல்கிற வண்டியை வாங்கினால் பிழைத்தோம் என்பது அவர் கட்சி. அப்படிப் பார்த்தால் கறுப்பு வண்டியை மெக்கானிக் வாய்க்கு வந்தபடி திட்டியது அதற்கு நல்ல சான்றிதழ்தான்.

நான் சிவப்பின் கட்சி. காரணம் கேட்டால் வெட்கக்கேடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் என்னை அதில் உட்காரவைத்துச் சிங்கவரம் வரை ஒரு சுற்றுப் போய்வந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் அவர் ஆக்ஸிலேட்டரைத் திருகினார். இரண்டு சைலன்சரும் ஒரே குரலில் கத்தின. தலையில் வைத்திருந்த கனகாம்பரம் எங்கே போயிற்று என்று இன்று வரை தெரியாது. பயந்து கத்துவேன் என்று நினைத்தேன். வாயிலிருந்து வந்தது சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. திரும்பி வந்து வாசலில் இறங்கின பிறகும் நிற்கவில்லை. இருபத்துமூன்று வயது வரைக்கும் எனக்கு வேகம் பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

மூட்டைக்கு மூன்று பிடி என்பதால், வண்டிக்கு மூன்று சாயங்காலம் என்று மாமனார் தீர்ப்புச் சொன்னார். விற்கிறவர்கள் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். முதலில் கறுப்பு. அதைத் திண்டிவனத்துக்கு ஓட்டிப்போய் ஆபீஸ் வாசலில் நிறுத்திவைத்து, விட்டதும் கிளம்பி வந்தார் என் கணவர். மாமியார் மொட்டை மாடியில். நான் சமையலறை வாசலில், இலையும் கையுமாக. தெருக்கோடியில் தடதடவென்று சத்தம் கேட்கிறது, அதே நேரம் மாமியார் படியிறங்கி வருகிறார். சூரியன் மலைக்குப் பின்னால் போயாயிற்று. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாளும் அதேதான். கோளாறு என்று ஒன்றும் இல்லை, நடுவில் நிற்கவில்லை, மூன்று நாளும் ஒரே மாதிரி வந்தது, ஒரே மாதிரி தாமதமாக வந்தது. இப்படி ஒரு நம்பகமான வண்டியை நான் பார்த்ததில்லை. அழுகை அழுகையாக வந்தது.

அடுத்தது சிவப்பின் முறை. முதல் நாள் அவர் வந்து இறங்கியபோது மலைக்கு மேலே இன்னும் ஒரு கை அகலம் வெயில் மிச்சம். முகத்தில் புழுதி, தலைமுடி முள்ளு முள்ளாக நிற்கிறது, கண்ணில் ஒரு திருட்டுச் சந்தோஷம். கைகால் கழுவிவிட்டு வந்தார். மாமனாரும் அவரும் நானும் உட்கார, மாமியார் பரிமாறினார். வாழைக்காய்ப் பொரியலும் மிளகு ரசமும்தான். அவர் மூன்று முறை சோறு கேட்டார். கல்யாணப் பந்தியில்கூட என் மனது அப்படி நிறைந்திருக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. நான் மனதுக்குள் சிவப்பு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள், மூட்டையின் அடிப் பிடி. வெயில் மலை உச்சியைத் தொட்டது, வண்டி வரவில்லை. பாதி இறங்கியது, வரவில்லை. மாமியார் அது முழுதாக மறையும் வரை நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்து அடுப்பில் தண்ணீர் தெளித்தார். அந்தச் 'சொய்ங்' சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. சற்று நேரம் கழித்து வண்டி முக்கி முனகிக்கொண்டு வந்து நின்றது. வழியில் தீவனூருக்கு இப்பால் ஒரு சிலிண்டர் படுத்துவிட்டதாம். பிளக்கைக் கழற்றித் துடைத்துத் துடைத்து வந்திருக்கிறார். கை முழுக்கக் கரி. அந்தக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார், பள்ளிக்கூடத்துக்கு நேரங்கழித்து வந்த பையன் மாதிரி.

மாமனார் வண்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேலே இருப்பது முத்து, அடியில் சொத்தை என்றார். மாமியாருக்கோ இரண்டு வண்டியும் ஒன்றுதான். ஒன்று நிதானமாக வந்து பட்டினி போடுகிறது, இன்னொன்று அவசரமாக வந்து பட்டினி போடுகிறது. நாளைக்கே அக்காவுக்குச் சொல்லி அனுப்பி அந்த அறையைக் கூட்டி வைக்கச் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் மலை மேல் வந்தது. மொட்டை மாடிக்கு ஓடி ராஜகிரியை முறைத்துப் பார்த்தேன். ஊர் முழுக்க மலையின் நிழல். ஆனால் வானம் வெளிச்சமாக இருந்தது. வடக்கே கிருஷ்ணகிரி மலையின் உச்சியில் இருக்கும் கல்மண்டபம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி வெயிலில் நின்றது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மண்டபத்துக்கு வெயில் எங்கிருந்து வருகிறது?

இத்தனை நாளாக இது ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த என் புருஷனுக்கும் தோன்றவில்லை, அவரைப் பெற்றவர்களுக்கும் தோன்றவில்லை. மலை மறைத்தால் பொழுது முடிந்தது என்று அந்த வீட்டில் எத்தனையோ தலைமுறையாகச் சோற்றுப்பானையைக் கவிழ்த்திருக்கிறார்கள். நான் படியிறங்கிய வேகத்தில் கொலுசு ஒன்று கழன்றது. சோற்றையும் பொரியலையும் டிபன் கேரியரில் அள்ளிப் போட்டேன். மாமியார் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அத்தை, பொழுது எங்கயும் போவல. மலைக்கு அந்தாண்ட நிக்குது. நாங்க அங்க போயி சாப்டுட்டு வந்துடறோம்."

அவர் பதில் சொல்வதற்குள் நான் வண்டியில் ஏறிவிட்டேன். என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. திருவண்ணாமலை ரோட்டில் ஓட்டுங்கள் என்றேன், ஓட்டினார். அது அவருடைய நல்ல குணங்களில் ஒன்று. ஒரு சிலிண்டர் இருமிக்கொண்டே வந்தது, இன்னொன்று அதற்கும் சேர்த்துக் கத்தியது. கடைத்தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கேரியரை மடியில் அணைத்துக்கொண்டு நான் வேகம், வேகம் என்று அவர் முதுகில் குத்திக்கொண்டிருந்தேன். கோட்டை மதில்கள் வந்தன, இடது பக்கம் ராஜகிரி, வலது பக்கம் கிருஷ்ணகிரி, நடுவில் நிழலான ரோடு. அந்த நிழலைத் தாண்டியதும் முகத்தில் பளீரென்று அடித்தது வெயில்.

பொழுது அங்கே இருந்தது. வயல்களுக்கு மேலே, சிவப்பாக, தட்டு மாதிரி, எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கத்தினோம். ஓர் ஏரிக்கரையில் நிறுத்தி, கல் மேல் உட்கார்ந்து, கேரியரைத் திறந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டோம். இலை இல்லை, தண்ணீர் எடுத்துவர மறந்துவிட்டேன், அவர் கையில் இன்னும் கரி. ஒரு கண் சோற்றிலும் ஒரு கண் வெயிலிலுமாக, சிரிப்பும் விக்கலுமாக, கடைசிக் கவளத்தை அவர் விழுங்கியபோது பொழுது வரப்பைத் தொட்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? சூரியனை இரண்டாம் தடவை சமைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு வண்டி கிளம்பவில்லை. உதைத்தார், தள்ளினார், கெஞ்சினார். இரண்டாவது சிலிண்டரும் போய்ச் சேர்ந்துவிட்டது. வயிறு நிறைந்திருந்ததால் எங்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அவ்வழியே வந்த வைக்கோல் லாரி ஒன்றில் அதை ஏற்றிப் படுக்கவைத்து ஊர் வந்து சேர்ந்தோம். எனக்கு அந்தச் சிவப்பு வண்டியின் மேல் கோபமே இல்லை. ஆனால் வாழ்வதற்கு அது ஆகாது என்று அந்த லாரியில் உட்கார்ந்திருந்தபோதே தெரிந்துவிட்டது.

வீட்டில் மாமனார் குதூகலத்தில் இருந்தார். கணக்கு இப்போது தலைகீழாகிவிட்டது அல்லவா? மலைக்கு அந்தப் பக்கம் அரைமணி நேரம் வெயில் கூடுதல் என்றால், தாமதமாக வந்தாலும் தவறாமல் வரும் கறுப்பு வண்டியே போதும். வாசலில் என்னை ஏற்றிக்கொண்டு நேராக மேற்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான். கார்த்திகையில் பகல் குறைவதற்குள் மாற்றலுக்கு எழுதிப்போட்டு வாங்கிவிடலாம். இதைக் கண்டுபிடித்ததற்காக என்னைப் பார்த்து, அடி வரைக்கும் நல்ல பயிர் என்றார்.

மாமியார் மட்டும் மசியவில்லை. வீட்டில் அடுப்பிருக்க, வழிப்போக்கர் மாதிரி ரோட்டோரம் உட்கார்ந்து தின்பது ஒரு குடும்பத்துக்கு அழகா? அதுவும் தினமும்? பொழுது அங்கே இருந்தது என்று நாங்கள் சொல்கிறோம், யார் கண்டது? திண்டிவனத்து அறை அப்படியே இருக்கட்டும், தானே நேரில் பார்க்காமல் எதற்கும் சம்மதிக்க முடியாது என்றார்.

மறுநாள் சாயங்காலம், டாக்டரிடம் மறுபடி இரவல் வாங்கிய கறுப்பு வண்டி வழக்கம்போல் தவறாமல் தாமதமாக வந்து நின்றது. மாமியார் புடவையை இழுத்துக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். முன்னால் மகன், நடுவில் அவர், பின்னால் நான். மாமியாருக்கு அதுதான் முதல் மோட்டார் சைக்கிள் சவாரி. கேரியரை ஒரு கையாலும் மகனின் சட்டையை ஒரு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரோடு நெடுக மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று பேரைச் சுமந்த அந்த வண்டி அதற்கு மேல் மெதுவாகப் போயிருக்க முடியாது. கோட்டையைத் தாண்டி வெயில் முகத்தில் விழுந்ததும் சட்டென்று பேச்சு நின்றது.

அதே ஏரிக்கரை. நான் இலையைப் போட்டு மூன்று பேருக்கும் பரிமாறினேன். மாமியார் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று ஒரு கண் அவர் மேலேயே இருந்தது. மாமியார் சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளம் உருட்டினார். அதைக் கையில் வைத்துக்கொண்டே மேற்கே பார்த்தார். நாங்கள் இருவரும் மளமளவென்று சாப்பிட்டு முடித்தோம். சூரியன் வயலின் விளிம்பில் இறங்கி, பாதியாகி, கீற்றாகி, மண்ணுக்குள் போயிற்று. அப்போதுதான் கவனித்தேன், உருட்டிய கவளம் உருட்டியபடியே அவர் கையில் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடத் தவறவிடாத மனுஷி சாப்பிட மறந்துபோனார்.

பதறிப்போய் நான் எழுந்தேன். அவர் கவளத்தை இலையில் வைத்தார். கோபப்படவில்லை.

"எங்க அம்மா வூட்ல இருக்கசொல்ல பாத்தது," என்றார். "மண்ணுல எறங்கறத. கல்யாணம் ஆயி வந்ததுலருந்து எனக்கு அது மலைமேலயே பூடுது."

அவருக்கும் என் வயதில் ஒரு கல்யாணம் நடந்திருக்கும், அவரும் யாருக்காகவோ இலையோடு சமையலறை வாசலில் நின்றிருப்பார் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இலைகளை மடித்து, கேரியரை மூடி, வண்டியில் ஏறினோம். கறுப்பு வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. கோட்டை ரோட்டில் திரும்பி வரும்போது நடுவில் உட்கார்ந்திருந்த அவர் வயிறு பசியில் கடகடவென்று சத்தம் போட்டது, வண்டிச் சத்தத்தையும் மீறி. முதலில் அவர்தான் சிரித்தார்.

வீடு வந்ததும் வாசலிலேயே நின்று மாமனாரிடம் சொன்னார்.

"ரூம்பு வேணாம்னு அக்காவுக்கு சொல்லி அனுப்பிடுங்க. நாளைக்கி நான் முன்னாடியே சாப்டுட்டு இவங்க கூட கெளம்பறேன்."